யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே ஒரு வீடு

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது இருபத்தொன்பது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். கணவருக்குக் கிளிநொச்சியில் அரச அலுவலகத்தில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட, ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ஒரு அறை, ஒரு குசினி. நாலு மாணவர்கள் சேர்ந்து கொடுக்கக்கூடிய வாடகையை வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரிடமும் எதிர்பார்க்கிறார். இப்போது எனக்கு நாலு மாதம். இந்த அறையில் ஏணை கட்டவும் இடமில்லை.

தென்மராட்சியில், சாவகச்சேரி, மீசாலைப் பக்கம் ஒரு தரகர் காணி காட்டுகிறார். திருநெல்வேலியில் ஒரு பரப்பு வாங்கும் காசுக்கு அங்கே வீட்டோடு நாலு பரப்பு எடுக்கலாம் என்கிறார். கணவரின் ஆட்கள் சுன்னாகத்தில் இருக்கிறார்கள், அங்கே வரச்சொல்லிக் கேட்கிறார்கள். என் அம்மா கரவெட்டியில் தனியாக இருக்கிறா. அங்கே என் சீதனக் காணி ஐந்து பரப்பு வெறும் வளவாகக் கிடக்கிறது. அதை விற்று, குறைவதற்கு லோன் எடுத்து, தென்மராட்சியில் வாங்குவோம் என்பது கணவரின் எண்ணம். பேசாமல் கிளிநொச்சிக்கே போய்விட்டால் என்ன என்றும் சில நேரம் யோசிக்கிறோம். எங்கே போனால் கட்டுப்படியான செலவில் ஒரு பிள்ளையை வளர்க்கலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

நல்ல செய்தி, சந்தோஷம்.

உங்கள் கடிதத்தில் தரகர் இருக்கிறார், வீட்டுக்காரர் இருக்கிறார், சுன்னாகத்து ஆட்கள் இருக்கிறார்கள். மகப்பேற்று லீவு 84 நாளும் முடிந்து நீங்கள் வங்கிக் கவுண்டருக்குத் திரும்பும் காலையில் பிள்ளை யார் கையில் இருக்கும் என்பது மட்டும் இல்லை. பரப்பு விலையைப் பிறகு பார்ப்போம். மூன்று மாதப் பிள்ளையைக் காலை ஏழு மணிக்கு யாரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறப் போகிறீர்கள்? இதற்குப் பதில் கிடைத்தால் ஊர் தானாகவே தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்தவரை அந்தப் பதில் உங்கள் அம்மாதான். அவவை அனெக்ஸுக்குக் கூப்பிட முடியாது, படுக்க இடமில்லை. ஆகவே நீங்கள் நகரத்தை விட்டு வெளியே தேடப்போவது அம்மாவுக்கு ஒரு அறையை. நாலு பரப்பு, முற்றம், பலாமரம் எல்லாம் தரகரின் கணக்கு. உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டு அறை, ஒரு விறாந்தை, நல்ல கிணறு.

இனித் தூரத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 65 கிலோமீற்றர், எல்லாம் ஒரே கண்டி வீதி. அந்த வீதியில் எங்கே குடியிருந்தாலும் உங்கள் இருவரின் தூரத்தையும் கூட்டினால் அதே 65தான் வரும். நடுவில் வீடு எடுத்தால் இருவருக்கும் அலைச்சல் குறையும் என்று நினைத்திருப்பீர்கள். அவருக்குக் குறைவது உங்கள் தலையில் ஏறும், அவ்வளவுதான். இப்போது அவர் முழுவதையும் சுமக்கிறார். கொடிகாமம் போனால் உங்களுக்கு இருபத்துச் சொச்சம் கிலோமீற்றர் சேரும். சாவகச்சேரி என்றால் பதினாறு. பாலூட்டப் போகிறவர் நீங்கள். ஆகவே குறைந்த தூரம் உங்களுக்கு, கூடிய தூரம் அவருக்கு. இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அதனால்தான் சாவகச்சேரி, சங்கத்தானை, மிஞ்சிப்போனால் மீசாலை என்று நானும் சொல்கிறேன். தரகர் சொன்ன இடம்தான், காரணம் வேறு. சாவகச்சேரியில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, சந்தை இருக்கிறது. கண்டி வீதி பஸ் இரண்டு திசைக்கும் ஓடுகிறது. அவர் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுக் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறலாம். ஏறட்டும், பிள்ளை பிறந்த பிறகு அந்த ஆனையிறவு வெளியில் இருட்டுக்குள் மோட்டார் சைக்கிள் வேண்டாம். கரவெட்டியிலிருந்து அம்மா வருவதானால் நெல்லியடியில் ஏறிக் கொடிகாமத்தில் மாறினால் போதும், யாழ்ப்பாணம் சுற்ற வேண்டியதில்லை.

றெயிலும் இருக்கிறது. சாவகச்சேரி, சங்கத்தானை, மீசாலை, கொடிகாமம் நாலிடத்திலும் ஸ்ரேசன் உண்டு. 2022இல் பெற்றோல் இல்லாமல் கியூவில் நின்ற காலத்தில் கிளிநொச்சிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே யாழ் ராணி ஓடத் தொடங்கியது. ஆனால் றெயில் நேரத்தை மட்டும் நம்பி வீடு எடுக்காதீர்கள். 1990இல் நின்ற வண்டி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014இல். நான் இதைப் பகிடிக்கும் சொல்கிறேன், பகிடி இல்லாமலும் சொல்கிறேன்.

வாங்குவது பற்றி: வேண்டாம், இப்போது வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். ஒரு ஊரை வாங்குவதற்கு முன் அதன் புரட்டாசியையும் கார்த்திகையையும் பார்க்க வேண்டும். புரட்டாசியில் கிணற்றின் அடித்தண்ணீர் உவர்க்கிறதா என்று தெரியும். கார்த்திகையில் ஒழுங்கையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று தெரியும். தரகர் சித்திரையில்தான் காணி காட்டுவார். அப்போது எந்தப் பள்ளக்காணியும் மேட்டுக்காணி மாதிரித் தெரியும். 2024 நவம்பர்க் கடைசி மழையில் இந்த ஒழுங்கை எப்படி இருந்தது என்று முனைக் கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்தபடி கேளுங்கள். தரகர் பக்கத்தில் இல்லாத நேரம் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்க்க ஊர் தேடுகிறவர்கள் பள்ளிக்கூடத்தை விசாரிக்கிறார்கள், கோயிலை விசாரிக்கிறார்கள், அயலட்டம் என்ன ஆட்கள் என்றுகூட விசாரிக்கிறார்கள். கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு "நல்ல தண்ணி" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. நாம் குடிப்பது அந்த மேல்தட்டைத்தான். அளவுக்கு மிஞ்சி மோட்டர் போட்டு இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். அது நாக்குக்குத் தெரியும், தப்பிக்கலாம்.

நாக்குக்குத் தெரியாதது நைத்திரேற்று. திருநெல்வேலியும் சுன்னாகமும் இருக்கும் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் புகையிலைக்கும் காலம் காலமாகப் போட்ட உரம், நெருக்கமான வளவுகளில் கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழி, இரண்டிலிருந்தும் அது கல்வெடிப்பு வழியே கிணற்றுக்கு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது இந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியவர்கள் குடித்துச் சமாளிப்பார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தி குறைந்துவிடும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். கிருமிக்குத்தான் கொதி. நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் இந்தப் பயம் இல்லை. ஆனால் நீங்கள் மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்புகிறவர். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மாப்பால் போத்தல் வரும்.

ஆகவே வாடகை முற்பணம் கொடுப்பதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கேட்டால் எப்படி எடுத்துவருவது என்று சொல்வார்கள். தென்மராட்சி என்பதால் தப்பினோம் என்று நினைக்க வேண்டாம். கைதடி, நாவற்குழிப் பக்கம் கடனீரேரி கிட்ட இருக்கிறது, உவர்க் கிணறு நிறைய. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நீங்கள் பார்க்கும் ஒழுங்கைக்குக் குழாய் வந்துவிட்டதா, வந்த குழாயில் தண்ணீர் வருகிறதா, இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

சுன்னாகம் பற்றிச் சுருக்கமாக. நல்ல ஊர், பெரிய சந்தை, பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடங்கள். ஆனால் உங்கள் இருவரின் கூட்டுத்தூரம் அங்கே கூடுகிறது, அவர் கிளிநொச்சிக்கு எதிர்த்திசையில் இருந்து புறப்பட வேண்டும். மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமி பிள்ளையைப் பார்ப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கதை வேறு. சொல்லியிருக்கிறாவா? வரச்சொல்லிக் கேட்பதும் பிள்ளையைப் பார்ப்பேன் என்பதும் ஒன்றில்லை.

கிளிநொச்சி வேண்டாம் என்பேன். அங்கே போனால் முழுத்தூரமும் உங்களுக்கு, பிள்ளை பார்க்க ஆளும் இல்லை. வங்கியில் இடமாற்றம் கிடைக்குமென்றால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.

சீதனக் காணியை விற்க வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில் மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உங்கள் விஷயத்தில் அவரே விற்கச் சொல்வதால் கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும், அதுதான் எனக்குக் கவலை. விற்ற காசு புதுக் காணி உறுதியில் யார் பெயரில் போய் உட்காரும் என்று இருவரும் பேசியிருக்கிறீர்களா? அவரைக் குறைசொல்லவில்லை, நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். நல்ல மனிதர்கள் இருக்கும்போதே பேசிவைக்க வேண்டிய பேச்சு இது. கரவெட்டிக் காணி சோறு கேட்காது, கிடக்கட்டும்.

தென்மராட்சியில் பின்னாளில் வாங்குவதென்றால் உறுதியை நன்றாகத் தோண்டிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி தரைமட்டமானது. வீடுகளோடு பத்திரங்களும் போயின, பங்காளிகள் கனடாவிலும் பிரான்ஸிலுமாகச் சிதறினார்கள். அற்றோணித் தத்துவத்தை, அதாவது வேறொருவர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, வைத்து ஒருவர் விற்க வந்தால், மற்றப் பங்காளிகளுக்கு முறைப்படி அறிவித்தாரா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். அவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை தேசவழமையில் உண்டு, பிறகு வழக்கோடு வருவார்கள். இன்னும் மலிவு என்று எழுதுமட்டுவாள், முகமாலைப் பக்கம் காட்டினால், கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணிதானா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் கால்வைக்க வேண்டாம்.

அம்மா வர மறுத்தால்? மறுப்பா. வளவு, கோயில், கோழி என்று காரணம் அடுக்குவா. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று கேட்டுப் பாருங்கள், "வந்து இரு" என்று கேட்பதைவிட அது எடுபடும். அதற்கும் முடியாதென்றால் சாவகச்சேரித் திட்டத்தைக் கைவிட்டு நீங்களே கரவெட்டிக்குப் போங்கள். வாடகை இல்லை, மந்திகை ஆஸ்பத்திரி கிட்ட. யாழ்ப்பாணத்துக்கு 750ஆம் இலக்க பஸ்ஸில் வல்லை வெளி தாண்டி ஒரு மணித்தியாலம் போகவேண்டும், அவர் கொடிகாமம் வந்து கண்டி வீதியைப் பிடிக்க வேண்டும். கிலோமீற்றர் கணக்கில் இதுதான் மோசம். பிள்ளை கணக்கில் இதுவும் பரவாயில்லை.

பள்ளிக்கூடத்தை நினைத்து இப்போதே நகரத்தில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். சாவகச்சேரி இந்துக் கல்லூரியும் டிறிபேர்க் கல்லூரியும் இருக்கும் ஊர் அது. முதலாம் தர அனுமதிக்கு வசிப்பிடப் புள்ளி உண்டு, வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும் வருடங்களைப் பார்ப்பார்கள். ஆகவே எந்த ஊரில் நிலைப்பதென்று முடிவானதும் கிராம சேவையாளரிடம் போய்ப் பதிந்துவிடுங்கள்.

வீடு மாறுவதானால் ஏழாம் மாதத்துக்கு முன் மாறுங்கள். மாறும் முன் திருநெல்வேலிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டு, கிளினிக் அட்டையோடு புது இடத்து உத்தியோகத்தரிடம் அதே கிழமையில் பதியுங்கள். அவர்தான் பிறகு வீடு தேடி வந்து பிள்ளையை நிறுக்கப் போகிறவர். ஒழுங்கையில் எந்தக் கிணற்றில் குடிக்கலாம் என்றும் அவரிடமே கேட்கலாம், தரகரைவிட அவருக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா