டர்போ கிட்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என்னுடையது டர்போ இல்லாத 1.6 லிட்டர் பெட்ரோல் கார், கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதம்) 10.5:1. தினமும் ஓட்டுகிற வண்டி. டிராக் ரேஸுக்காக (402 மீட்டர் நேர் ஓட்டம்), எஞ்சினைப் பிரிக்காமல் டர்போ கிட் மாட்டினால் தாங்குமா? எவ்வளவு பூஸ்ட் வைக்கலாம்?

பதில்: டர்போ, வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் விசிறி. அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்; அதை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் சொல்வார்கள். எஞ்சின் நல்ல நிலையில் இருந்து, இன்டர்கூலரும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) சரியான டியூனிங்கும் சேர்ந்தால் 5 முதல் 7 பிஎஸ்ஐ வரை பொதுவாகத் தாங்கும். முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால் கிட் வாங்கும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

7 பிஎஸ்ஐ சின்ன எண்ணாகத் தெரியும். வெளிக்காற்றின் அழுத்தமே 14.7 பிஎஸ்ஐதான். அதற்கு மேல் 7 என்றால், கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகிறது. அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகாவிட்டால் கலவை மெலிந்து நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வரும். பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்புதான் பெரும்பாலும் முதலில் உடையும். உடைத்தது டர்போ என்பார்கள். உண்மையில் பெட்ரோல் பற்றாக்குறையும் தவறான டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்)தான்.

ஆகவே எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். டர்போ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் வேண்டும். இலக்கு 180 என்றால் 108 பவுண்டு. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 27. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதால் 34 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 355 சிசி. 440 சிசி வாங்கினால் கையிருப்பு இருக்கும். பம்ப்பும் அதற்கேற்பப் பெரியதாக வேண்டும். சில மலிவு கிட்களில் இன்ஜெக்டருக்குப் பதிலாக பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டரை மட்டும் தருகிறார்கள். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் பெட்ரோல் 1.4 மடங்குதான் கூடும். அதை நம்ப வேண்டாம்.

காற்றழுத்தத்தை அளக்கும் கம்பெனி மேப் சென்ஸார் பூஸ்டைப் பார்க்காது. 2.5 அல்லது 3 பார் சென்ஸாரும், அதைப் படிக்கத் தெரிந்த இசியூவும் (எஞ்சினின் கணினி) தேவை. முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 முதல் 12 வரை இருக்கட்டும். இக்னிஷன் டைமிங்கை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி வீதம் பின்னுக்கு இழுத்துத் தொடங்குங்கள். ஒரு படி குளிர்ச்சியான ஸ்பார்க் பிளக், இடைவெளி 0.7 மி.மீ. காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் ஒருமுறைகூட பூஸ்டில் மிதிக்காதீர்கள்.

கேள்வி: டர்போ மாட்டிய பிறகு, ஐடிலில் நின்றால் நீலப் புகை வருகிறது. டர்போ சீல் போய்விட்டதா?

பதில்: புது டர்போ என்றால் முதலில் ஆயில் திரும்பும் குழாயைப் பாருங்கள். டர்போவின் சீல், பிஸ்டன் ரிங் போன்றது. ஆயில் தேங்கி நின்றால் அதைத் தடுக்காது. திரும்பும் ஆயில் தன் எடையால்தான் இறங்குகிறது. குழாயின் உள்விட்டம் 16 மி.மீ.யாவது இருக்க வேண்டும். வழியில் தொய்வு கூடாது. சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். குழாய் இணையும் ஃபிளாஞ்சில் சிலிகான் பசை தடவியிருந்தால் துடைத்துவிட்டு கேஸ்கெட் போடுங்கள். பிதுங்கும் பசை துளையை அடைக்கும். பால் பேரிங் டர்போ என்றால், ஆயில் வரும் வழியில் தயாரிப்பாளர் சொன்ன ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வரத்தைக் குறைக்கும் சிறு துளை) இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை வெளியேற்றும் பிசிவி குழாயில் ஒருவழி வால்வு இல்லையென்றால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் அந்த அடிப்பகுதி) புகுந்து, ஆயிலை இறங்கவிடாது.

கேள்வி: 402 மீட்டர் ஓட்டத்தில் கிளம்பும்போது இழுவையே இல்லை, மூன்றாவது கியரில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பெரிய டர்போ போடலாமா?

பதில்: வேண்டாம். பெரிய டர்போ இன்னும் தாமதமாகத்தான் விழிக்கும். மூன்றாவது கியரில் நடப்பது கிளட்ச் வழுக்கல். கூடிய டார்க்கைத் தாங்கும் கிளட்ச் போடாமல் வேறெதற்கும் செலவு செய்யாதீர்கள். கிளம்பும் சோம்பலுக்கு முதலில் பைப் இணைப்புகளில் கசிவு தேடுங்கள். டர்போவின் காற்று வாயை மூடி, 10 பிஎஸ்ஐ காற்றடித்து, சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். அது சரியென்றால், இசியூவில் டூ-ஸ்டெப் லாஞ்ச் (நின்ற இடத்தில் ஆர்பிஎம்மை ஒரு வரம்பில் பிடித்து வைக்கும் அமைப்பு) வைத்து, நின்ற இடத்திலேயே 2 அல்லது 3 பிஎஸ்ஐ ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.