போன் நோண்ட ஒரு பட்டமா?

கேள்வி: அக்கா, நான் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்கிறேன். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டாள். சமூக ஊடகம் படிக்கப் போகிறாளாம். அவள் கூட்டாளிகளும் அதற்கே மனுப் போட்டிருக்கிறார்கள். "போன் நோண்ட ஒரு பட்டமா, அதுக்கு அரசாங்கத்தோட பி.டி.பி.டி.என். படிப்புக் கடன் வேறயா?" என்று அவள் அப்பா கத்துகிறார். தீபாவளிக்கு எங்கள் முறுக்கை முகநூலில் போட்டு விற்றுக் கொடுத்தவளும் அவள்தான். என்ன செய்வது?
- ஒரு தாய், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: உங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. மனசுக்கு நிறைவாக இருந்தது.

இந்தப் படிப்பு புதுசு இல்லை. பிரிட்டனில் பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழகம் 2009-லேயே இதில் முதுகலை தொடங்கியது. உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை அன்றே அங்கேயும் கேட்டார்கள். 2024-ல் அயர்லாந்தின் கார்லோவில் இளங்கலையும் வந்துவிட்டது. பிள்ளைகள் ஏன் மொய்க்கிறார்கள்? கையில் புழங்கும் பொருள், அதனால் பயம் இல்லை. கணக்கு என்றால் ஓடுகிறவர்களும் தைரியமாகச் சேர்ந்துவிடுகிறார்கள். உள்ளே போனால் புள்ளியியல் உட்கார்ந்திருக்கும், பாவம்!

என் பயம் வேறு. முகநூலுக்கு முன்பே வந்த ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக ஊடகத் தளம் ஞாபகம் இருக்கிறதா? அதே 2009-ல் ஒரு மலேசிய நிறுவனம்தான் அதை வாங்கியது. 2011-ல் பழைய படங்கள், பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விளையாட்டுத் தளமாக மாற்றினார்கள். அதில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் படித்தவர், இரண்டே வருஷத்தில் படித்ததைத் தலைமுழுகியிருப்பார்.

அதனால் கல்லூரிக்கு நேரில் போய்ப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எழுத்துப் பயிற்சி, புள்ளியியல், சட்டம் மூன்றும் இருக்க வேண்டும். இணையத்தில் எதைப் பதிவிட்டால் குற்றம் என்று சொல்லும் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு தெரியாமல் இந்த நாட்டில் பிறர் பக்கத்தை நடத்த முடியாது. வெறும் வீடியோ வெட்டி ஒட்டுவதுதான் பாடம் என்றால் அதற்குப் பட்டம் வேண்டாம், குறுகிய காலப் பயிற்சி போதும். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று மகளையே இணையத்தில் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கடன் மனுவைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், அந்த முறுக்கு. எந்தப் பதிவுக்கு எத்தனை பாக்கெட் போனது, எதற்கு வெறும் லைக் மட்டும் விழுந்தது என்று அவளிடம் கேளுங்கள். நோட்டில் குறித்து வைத்திருந்தால் முதலில் அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். நேர்காணல் வைத்தால் அதையே கையோடு கொண்டுபோகட்டும்.