ஓடையை ஒட்டிய மணல் நிலத்தை வாங்கலாமா?

கேள்வி: பாலமேடு பக்கம் ஓடைக்கரையில் இரண்டு ஏக்கர் விலைக்கு வருகிறது. தரை முழுக்க மணல். "ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கீழே போய்விடும், வெள்ளாமை தேறாது" என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஐந்தடி ஆழத்துக்கு இரண்டு இடத்தில் குழி வெட்டிப் பாருங்கள். மணல் தரையை மேலே பார்த்து எடை போடவே முடியாது. எங்கள் நிலமும் இதே மாதிரி ஓடைக்கரைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிறுமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வருடம் முழுக்க ஓடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடித்துக்கொண்டு வரும், அப்புறம் காய்ந்து கிடக்கும். வேகமாக வரும் வெள்ளம் கனமான மணலை ஓடையிலும் கரையோரத்திலும் போட்டுவிடும். கரை தாண்டிப் பரவி வேகம் தணிந்த பிறகுதான் வண்டலும் களியும் படியும். அதனால் ஒரே சர்வே நம்பருக்குள் ஓடையோரம் பருமணலும், நூறு அடி தள்ளிய மேட்டுப் படுகையில் நல்ல வண்டலும் இருக்கலாம். குழியை இரண்டு இடத்தில் வெட்டச் சொல்வது இதற்காகத்தான்.

குழியின் சுவரை வெட்டுக்கத்தியால் சீவிவிட்டுப் பாருங்கள். எங்கள் குழியில் மேலே இரண்டடி பொலபொலவென்ற மணல், அதற்குக் கீழே விரல் தடிமனில் சாம்பல் நிறக் களிக்கோடு, மறுபடி மணல். அந்தக் கோட்டுக்கு மேலே மட்டும் வேர்கள் பின்னிக் கிடந்தன. மேலே புழுதி பறந்தாலும் அந்த இடத்து மண்ணைப் பிடித்தால் கையில் ஒட்டியது. ஏதோ ஒரு பழைய வெள்ளம் விட்டுப்போன களி, இறங்கும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. உங்கள் குழியிலும் மூன்று நான்கு அடிக்குள் இப்படி ஒரு அடுக்கு இருந்தால் தயங்காதீர்கள். ஐந்தடியும் பருமணலாகவே போனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இனி தண்ணீர். ஒரு அடி ஆழ மணலில் பயிருக்குக் கிடைக்கும்படி தங்குவது ஒரு அங்குலத் தண்ணீர்கூட இல்லை. நல்ல வண்டலில் அதுபோல இரண்டு மடங்கு தங்கும். சித்திரை வெயிலில் பயிர் நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் குடித்துவிடும். அப்படியானால் ஆழ வேர் விடாத பயிர் மூன்றாம் நாளே வாட ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை வாய்க்காலில் நிறைய விட்டால், பாதித் தண்ணீர் வேரைத் தாண்டிப் போய்விடும், போட்ட யூரியாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. "மணல் தரையில் எதுவும் வராது" என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் இப்படிப் பாய்ச்சிப் பார்த்தவர்கள் சொன்னது. சொட்டுநீர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றுவிட்டு ஒருநாள் விடுங்கள். உரத்தையும் அதேபோல் பிரித்துக் கொடுங்கள்.

நிலக்கடலைக்கு இந்த மண்ணை விட்டால் வேறு மண் கிடையாது என்பேன். பூவிலிருந்து இறங்கிக் காயாகும் விழுது தடையில்லாமல் மண்ணுக்குள் போகும். 40, 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் காய் பொக்கு விழாது. பிடுங்கும்போது செடியோடு காய் அப்படியே வரும், களிமண் மாதிரி பாதியை உள்ளே பிடித்துக்கொள்ளாது. தென்னை, முருங்கை, வெள்ளரி, தட்டைப்பயறு எல்லாம் வரும். தக்காளி, கத்தரியில் மட்டும் கவனம் வேண்டும். மணலில் வேர்முடிச்சு நூற்புழு அதிகம். நடுவில் ஒரு போகம் செண்டுப்பூ போட்டால் அது குறையும்.

மண்ணை மாற்றவும் வழி உண்டு. கண்மாயில் படிந்த வண்டலான கரம்பையை ஏக்கருக்கு 40 டன் வரை அடிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி உள்ள கண்மாயில் இலவசமாகவே எடுக்கலாம், வண்டி வாடகைதான் செலவு. பசுந்தாள் உரச்செடியான கொழிஞ்சி விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். நம் வெயிலுக்கு மக்கு சீக்கிரம் எரிந்துபோகும் என்பதால் இதை வருடா வருடம் செய்ய வேண்டும்.

வாங்கியதும் யாராவது வந்து "மேல் மணலை அள்ளிக்கொள்கிறோம், பணம் தருகிறோம்" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம் என்பது ஒருபக்கம். மழைத்தண்ணீரை உள்ளே வாங்கி உங்கள் கிணற்றுக்கு அனுப்புவதே அந்த மணல்தான். அதை வழித்துவிட்ட இடங்களில் கிணறுகள் தை மாதமே வற்றுவதைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

இன்னும் இரண்டு விஷயம். நிலம் ஓடை வளைவின் உள்பக்கம் இருந்தால் மண் சேரும், வெளிப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை அறுக்கும். அப்புறம் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும், எல்லை அளவு காட்டும் புலப்படத்தையும் வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். வேலிக்குள் இருப்பதில் ஒரு பகுதி ஓடைப் புறம்போக்காக இருந்தால் அதற்குப் பட்டா வராது.

குழி வெட்ட நிலக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பக்கத்துத் தோட்டத்தில் உறை இறக்காத பழைய கிணறு இருக்கிறதா என்று கேளுங்கள். அதன் சுவரிலேயே எல்லா அடுக்கும் தெரியும்.