வீட்டுக் கடனுக்கு வரிக் கழிவு: வாசகர் கேள்விகளும் ஆடிட்டர் பதில்களும்

2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 1.4.2026 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. வாசகர்களுக்குப் பழகியவை என்பதால் பழைய எண்களையே இங்கே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரிச் சலுகை உண்டு என்று வங்கியில் சொன்னார்கள். ஆனால் என் சம்பளத்தில் பிடிக்கும் வரி குறையவே இல்லையே?

பதில்: பிரிவு 24(பி)-இன்படி 2 லட்சம் ரூபாய் வரை கழிக்கப்படுவது வரியிலிருந்து அல்ல, வரிக்குரிய வருமானத்திலிருந்துதான். ஆகவே 30 சதவீத விகிதத்தில் இருப்பவருக்கு 4 சதவீத செஸ் (வரியின் மேல் விதிக்கப்படும் கூடுதல் வரி) உட்பட 62,400 ரூபாயும், 20 சதவீதத்தில் இருப்பவருக்கு 41,600 ரூபாயும்தான் அதிகபட்சமாக மிச்சமாகும். கடன் விற்கிறவர்கள் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வதில்லை.

இந்தக் கழிவு, குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, கழிவுகள் பல உள்ள பழைய வரி முறைக்கு மட்டுமே உரியது; புதிய முறையில் வரி விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பான முறையாகிவிட்டதால், பழைய முறை வேண்டும் என்று நீங்கள் அலுவலகத்தில் தெரிவிக்காதபோது புதிய முறைப்படியே வரி பிடித்திருப்பார்கள். தொழில் வருமானம் இல்லாதவர் கணக்குத் தாக்கல் செய்யும்போதும் பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். கெடு தேதி தாண்டிவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். எனினும், 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் சம்பள வருமானம் மட்டும் உள்ளவருக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை என்பதால், அந்த வரம்புக்குள் இருப்பவர் மாறிப் பெறப்போவது ஒன்றும் இல்லை.

கேள்வி: வீடு மனைவி பெயரில் இருக்கிறது, தவணை முழுவதையும் நான் கட்டுகிறேன். கழிவு எனக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கிரையப் பத்திரத்தில் உரிமையாளராகவும் கடன் ஒப்பந்தத்தில் கடன்தாரராகவும் இருக்க வேண்டும். இருவரும் இரண்டிலும் இடம்பெற்றால், அவரவர் பங்குக்கேற்ப ஒவ்வொருவரும் 2 லட்சம் ரூபாய் வரை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். பத்திரம் பதிவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது.

கேள்வி: 2021 ஆகஸ்ட்டில் கடன் வாங்கி அடுக்குமாடி வீடு பதிவு செய்தோம். கட்டுமானம் இன்னும் முடியவில்லை. இதுவரை கட்டிய வட்டி என்னாகும்?

பதில்: கட்டி முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியைக் கூட்டி, முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து சம தவணைகளாகக் கழிக்கலாம். அது 6 லட்சம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1.2 லட்சம் ரூபாய் வரும். ஆனால் அந்தந்த ஆண்டின் வட்டியும் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதால், பெரிய கடன் வாங்கியவர்களுக்கு இதில் பெரும்பகுதி பயனின்றியே போகிறது. கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள், உங்கள் விஷயத்தில் 31.3.2027-க்குள், கட்டுமானம் முடியாவிட்டால் வரம்பு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். தாமதம் கட்டுநருடையதே என்றாலும் சட்டம் அதைக் கருத்தில் கொள்வதில்லை.

கேள்வி: முதல் வீடு வாங்குவோருக்குக் கூடுதலாக 1.5 லட்சம் ரூபாய் கழிவு உண்டாமே?

பதில்: பிரிவு 80ஈஈஏ-வைக் குறிப்பிடுகிறீர்கள். 1.4.2019 முதல் 31.3.2022 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே அது பொருந்தும். புதிய கடனுக்கு இல்லை.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டை விற்க நினைக்கிறேன். பெற்ற கழிவைத் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: வட்டிக்குப் பெற்றதை அல்ல. ஆனால் அசலுக்கும் பத்திரப்பதிவுச் செலவுக்கும் பிரிவு 80சி-யின்படி வருமானத்திலிருந்து பெற்ற கழிவு, வீட்டைச் சுவாதீனம் பெற்ற நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால், விற்ற ஆண்டின் வருமானமாகச் சேர்க்கப்படும். விலை பேசும் முன் அந்த வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.