எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. 118 கிலோ இருந்தேன். ஐந்து மாதத்துக்கு முன் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது 95 கிலோ. ஆனால் ஒன்றரை இட்லி சாப்பிட்டாலே நெஞ்சில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல் ஆகி, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, வாந்தி வந்துவிடுகிறது. வாரத்தில் மூன்று நாலு முறை இப்படி. முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம் மட்டும் தொந்தரவில்லாமல் இறங்குகிறது. போன வாரம் கல்யாண வீட்டில் ஒரு கப் பாயசம் குடித்ததும் படபடவென்று வந்து, பந்தியிலிருந்து எழுந்துபோய்ப் படுத்துவிட்டேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மூன்று வாரமாக எடையும் நகரவில்லை. ‘வயித்துல ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே, பக்கத்து டாக்டர்கிட்ட ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கோ’ என்கிறார் மாமியார். ஐப்பசியில் சஷ்டி விரதம் வருகிறது, வருடா வருடம் இருப்பேன். இந்த முறை இருக்கலாமா? மாத்திரை எல்லாம் எவ்வளவு நாளைக்கு?

பதில்: ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. அந்த ஒன்றரை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இருந்ததா? இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ‘சாப்பாடு சிக்குது டாக்டர்’ என்று வருகிறவர்களிடம் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தீர்கள்? தண்ணீர் எப்போது குடித்தீர்கள்? கடைசி இரண்டு வாய் பசிக்காகவா, வீணாகிவிடுமே என்றா? பாதிப் பேருக்குப் பதில் சொல்லும்போதே காரணம் புரிந்துவிடும்.

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்கை, சில சமயம் அதற்கும் கொஞ்சம் கூடவே, வெட்டி எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாய். அதன் கொள்ளளவு 100 முதல் 150 மி.லி. வரை, அதாவது வீட்டில் காபி குடிக்கிற சின்ன டம்ளர் அளவு. அளவு குறைந்தது மட்டுமல்ல, பழைய இரைப்பையின் மேல்பகுதி, சாப்பாடு இறங்க இறங்க பலூன்போலத் தளர்ந்து இடம் கொடுக்கும். வெட்டி எடுத்தது அந்தப் பகுதியைத்தான். மிச்சமிருக்கும் குழாய்க்கு அப்படி விட்டுக்கொடுக்கத் தெரியாது. சாம்பாரில் ஊறிய ஒன்றரை இட்லியே அதை நிரப்பிவிடும். அதன் மேல் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? மேலேதான் வரும்.

நம் சாப்பாட்டு முறையும் இதற்கு எதிராக இருக்கிறது. குழம்பு ஊற்றிப் பிசைந்து, ரசம் ஊற்றிக் கரைத்து, கடைசியில் மோரை ஊற்றி உள்ளே தள்ளுகிறோம். பல்லுக்கு அதிகம் வேலையே இல்லை, இத்தனை நாள் இரைப்பைதான் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தது. இட்லி, சோறு, சப்பாத்தி, பிரெட் எல்லாம் சரியாக மெல்லாமல் விழுங்கினால் உருண்டையாகத் திரண்டு குழாயில் நிற்கும். அது நகரும்வரை வாயில் எச்சில் சுரந்துகொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் நுரை அதுதான். அந்த நேரத்தில் ‘தண்ணி குடிச்சா இறங்கிடும்’ என்று குடிக்காதீர்கள். எழுந்து நின்று, நிதானமாக மூச்சுவிட்டு, மெல்ல நடங்கள். சிறிது நேரத்தில் விட்டுவிடும்.

ஆகவே சாப்பாடு தனி, தண்ணீர் தனி. சாப்பிட ஆரம்பிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடியும். தண்ணீர் சாப்பாட்டை வேகமாகக் குடலுக்கு அடித்துக்கொண்டு போய்ச் சீக்கிரம் பசிக்க வைக்கும் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்கான சான்று அவ்வளவு பலமானது இல்லை என்பது என் எண்ணம். இடம் இல்லை என்பது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

இதைக் கேட்டுவிட்டுத் தண்ணீரையே குறைத்துவிடுகிறவர்கள் உண்டு, அதுவும் ஆசிரியைகள். கழிப்பறைக்கு ஓட வேண்டுமே என்று பள்ளி நேரம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் தொடாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் வேண்டும், மடமடவென்று அல்ல, மடக்கு மடக்காக. அரை லிட்டர் பாட்டில் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு எழுந்தால் ஏழுக்குள் முதல் பாட்டில். ஏழரைக்கு டிபன், எட்டரைக்குப் பிறகு இரண்டாவது பாட்டிலைத் திறந்து, மதிய மணி அடிப்பதற்குக் கால் மணி முன்னால் முடித்துவிடுங்கள். மூன்றாவது, சாப்பாடு முடிந்து அரை மணிக்குப் பிறகிலிருந்து இரவுவரை. உப்புக் குறைத்த நீர்மோர், இனிப்பில்லாத எலுமிச்சைச் சாறு இதெல்லாமும் கணக்கில் சேரும். சோடா, கோலா வேண்டாம், அந்தக் காற்றுக்கு உங்கள் வயிற்றில் இடமில்லை. கரும்புச்சாறும் பழச்சாறும் சர்க்கரைத் தண்ணீர்தான், எந்தப் பழத்தின் பெயரைச் சொன்னாலும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் குடிப்பது போதும் என்று அர்த்தம்.

மதிய இடைவேளையில் நோட்டுத் திருத்திக்கொண்டே பத்து நிமிடத்தில் சாப்பிடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு வாய் எடுத்தால் ஸ்பூனைக் கீழே வைக்க வேண்டும். மென்று மென்று கூழானதும் விழுங்கி, சற்றுப் பொறுத்து அடுத்த வாய். இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. அதற்கு மேலும் மிச்சம் இருந்தால் டப்பாவை மூடிவிடுங்கள். ‘வயிறு ரொம்பிடுச்சு’ என்கிற பழைய உணர்வுக்காகக் காத்திருக்காதீர்கள், அது வரும்போது ஏற்கெனவே இரண்டு வாய் கூடிப்போயிருக்கும். இப்போது உங்கள் வயிறு வேறு பாஷையில் பேசுகிறது. சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்குத் திடீரென்று மூக்கில் நீர் ஒழுகும், சிலருக்கு ஒரு தும்மல், நெஞ்சுக் குழியில் லேசான அழுத்தம். என்னிடம் வரும் ஒரு ஓட்டுநருக்கு மூன்று வாய் மீதி இருக்கும்போது சரியாக இரண்டு தும்மல் வரும். வீட்டில் அவர் தும்மினால் மனைவி தட்டை எடுத்துவிடுகிறார்.

இவ்வளவையும் பத்து நாள் ஒழுங்காகச் செய்தும் வாந்தி நிற்காவிட்டால், அல்லது தண்ணீரே இறங்காமல் திரும்பினால், பழக்கத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஸ்லீவ் குழாய் ஓரிடத்தில் சுருங்கியோ முறுக்கியோ போயிருக்கலாம். வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் தெரிந்துவிடும், பெரும்பாலும் பலூன் வைத்து விரித்துவிடலாம். ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போங்கள்.

சரி, இட்லி நிற்கிற இடத்தில் முறுக்கு மட்டும் எப்படி இறங்குகிறது? வாயில் போட்டதும் நொறுங்கி, எச்சிலில் கரைந்து மாவாகிவிடுகிறது, அவ்வளவுதான். மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம், சாக்லேட் எல்லாம் அதே ஜாதி. எதுவும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், வயிறு நிறைந்ததாகவும் தெரியாது. ஸ்டாஃப் ரூமில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கைப்பிடி என்று கொறித்தால், எவ்வளவு சின்ன இரைப்பையாலும் அதைத் தடுக்க முடியாது. கொஞ்ச காலத்துக்குப் பிறகு மறுபடி எடை ஏறி வருகிறவர்களிடம் விசாரித்தால், நான் அதிகம் கேள்விப்படுவது பிரியாணியை அல்ல, இந்த டப்பாத் தீனியைத்தான்.

மூன்று வாரம் எடை நிற்பது பற்றிப் பயப்பட வேண்டாம். ஐந்து மாதத்தில் 23 கிலோ குறைந்திருக்கிறது, நடுவில் இப்படித் தேங்குவது எல்லோருக்கும் நடக்கிறது. ஆனால் இந்த முதல் வருடத்தை வீணாக்காதீர்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது பெருமளவு சுரப்பது, நாங்கள் வெட்டி எடுத்த அந்த மேல்பகுதியில்தான். அதனால்தான் இப்போது பசி குறைவாக இருக்கிறது. ஒன்று ஒன்றரை வருடத்தில் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அப்போது கையில் இருக்கப்போவது இந்த மாதங்களில் படிந்த பழக்கம் மட்டும்தான்.

முடி கொட்டுவதற்கும் எடை குறைவதற்கும் சம்பந்தம் உண்டு. பெரிய ஆபரேஷன், வேகமான எடை இழப்பு இரண்டும் சேர்ந்தால் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொட்டுவது வழக்கம். வேர் செத்துவிடுவதில்லை, ஓய்வுக்குப் போகிறது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்ப முளைக்கும். ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தால் அது நீளும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குப் புரதம் போதவில்லை. ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும், ஒரு இட்லியில் இருப்பது ஏறக்குறைய இரண்டு கிராம். முட்டை ஒன்றுக்கு ஆறு. 100 கிராம் மீனில் சுமார் இருபது. ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டு. ஐம்பது கிராம் பனீரில் ஒன்பது. ஒரு டம்ளர் பாலில் ஆறு, ஏழு. தட்டில் முதலில் இவைதான் போக வேண்டும், பிறகு காய், இடம் மிச்சம் இருந்தால் மட்டும் சோறு. கோழி நார் நாராகச் சிக்கினால் விட்டுவிடுங்கள். மீன் குழம்பில் வெந்த மீனும், கொத்துக்கறியும் எளிதாக இறங்கும். சைவமாக இருந்தால் சோயா உருண்டையை நன்றாக வேகவைத்துப் பொடியாக நறுக்குங்கள். அப்படியும் எட்டாவிட்டால் புரதப் பவுடரைப் பாலில் கலந்து குடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாயசத்துக்கு வருவோம். அடர்த்தியான சர்க்கரை குடலுக்குள் ஒரேயடியாக இறங்கினால், குடல் உடம்பிலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வேர்வை, வயிற்றைப் பிசைதல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. இதை டம்ப்பிங் என்போம். இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரும். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை ஏறியதைக் கண்டு இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும். உடனே ஒரு இனிப்பை வாயில் போட்டால் சரியாகும், அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவாக இருந்தாலும் குடலுக்கு வித்தியாசம் தெரியாது. நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ பழைய அளவிலேயே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் உடனே சரிபார்க்க வேண்டும். எடை குறையும்போது மாத்திரையும் குறைய வேண்டும்.

மாமியார் சொன்ன குளுக்கோஸ் விஷயத்தை மட்டும் மிகக் கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் சோர்வு என்றாலே ஒரு பாட்டில் ஏற்றிவிடுவார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்கும். தொடர்ந்து வாந்தி எடுக்கிறவர்களுக்கு அது தீர்ந்துபோகும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் உடம்பு செலவழித்துவிட, மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டு இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை. எந்த கிளினிக்குக்குப் போனாலும் ஊசி போடுவதற்கு முன் ‘எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கு, வாந்தி இருக்கு, முதல்ல தயமின் போடுங்க’ என்று நீங்களே சொல்லுங்கள். உங்களால் பேச முடியாவிட்டால் சொல்ல, இதை மாமியாருக்கும் சொல்லிவையுங்கள்.

மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. மல்டிவைட்டமின், பி12, இரும்பு, டி வைட்டமின், கால்சியம் சிட்ரேட். கால்சியம் உணவிலும் மாத்திரையிலுமாகச் சேர்த்து 1200 முதல் 1500 மி.கி. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காபி, டீயோடு இரும்பு மாத்திரை போட்டால் பாதி வீண். பி12 கல்லீரலில் பல மாதங்களுக்கு, சிலருக்கு வருடக் கணக்கில் இருப்பு இருக்கும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று மாத்திரையை நிறுத்தியவர்களுக்குக் கால் மரத்துப்போவது அதனால்தான் தாமதமாகத் தெரிகிறது. இந்த ஆறாம் மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், பிறகு ஒரு வருடம் ஆனதும், அதன் பின் வருடா வருடம். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண் வரும். பாராசிட்டமால் போதும்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறும், பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னும் வேகமாக. பழைய அளவில் பாதி குடித்துவிட்டு ‘ஸ்டெடியா இருக்கேன்’ என்று வண்டியை எடுக்கிறவருக்கு, உடம்பில் முழு அளவு ஏறியிருக்கும். ஒரு வருடமாவது தொடவே வேண்டாம்.

சஷ்டிக்கு இந்த வருடம் பட்டினி வேண்டாம். தண்ணீரும் தொடாத விரதம் என்றால் கட்டாயம் வேண்டாம். பாலும் பழமும் மட்டும் ஆறு நாள் என்றாலும், புரதம் பாதிகூடத் தேறாது. கோயிலுக்குப் போங்கள், கவசம் படியுங்கள். எதையாவது விட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆறு நாளும் ஸ்டாஃப் ரூம் மிக்சர் டப்பாவைத் தொடாமல் இருந்து பாருங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் உங்கள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி எந்தெந்த நாளில், என்ன சாப்பிட்ட பிறகு, எத்தனை நிமிடம் கழித்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோனால், எண்டோஸ்கோப்பி தேவையா இல்லையா என்பதை அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.