தேஜஸ் படம் போட்ட நோட்டீஸை நம்பி 85,000 கட்டலாமா?

கேள்வி: மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். மதுரை காளவாசல் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதம் ‘கேட்டியா’ மென்பொருள் படித்தால் போர் விமானம் வடிவமைக்கும் வேலை நிச்சயம் என்கிறார்கள். கட்டணம் 85,000 ரூபாய். சேர்க்கலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: வேண்டாம்.

மென்பொருள் நல்லதுதான். ஆனால் திரையில் இறக்கை வரைவது வேலையில் சின்னப் பங்கு. நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸின் கட்டமைப்பு எடையில் சுமார் 45 சதவீதம் கார்பன் இழை போன்ற கூட்டுப்பொருள். அந்த இழையை அடுக்கடுக்காக, வெவ்வேறு கோணத்தில் படுக்க வைப்பார்கள். எந்த அடுக்கு எந்தக் கோணம், விமானம் திரும்பும்போது எது முதலில் விட்டுப்போகும் என்று கணக்குப் போடுபவருக்குத்தான் விமான வடிவமைப்பில் மதிப்பு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸானவரை யாராவது வக்கீல் என்பார்களா? அமெரிக்காவின் டி-7ஏ பயிற்சி விமானம் கணினி மாடலின் தயவில் 36 மாதத்தில் பறந்தது. அப்புறம் இறக்கை ஆட்டம், அவசர இருக்கை என்று வருடக்கணக்கில் இழுத்தது.

ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் ஆரம்ப நிலை விஞ்ஞானி பதவிக்கு ‘கேட்’ (GATE) தேர்வு மதிப்பெண்ணும் நேர்காணலும்தான். மையத்தின் சான்றிதழுக்கு அங்கே வேலையில்லை.

பணம் எப்படிக் கட்டச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ‘தவணை’ என்று சொல்லிப் பையன் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கடனில் கையெழுத்து வாங்குவார்கள். பாதியில் நின்றாலும் இ.எம்.ஐ. நிற்காது. வாயால் ‘வேலை கேரண்டி’. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘வேலைவாய்ப்பு உதவி’. ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று தனியாகப் பணம் கேட்டால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஓசூர், பெங்களூரு, கோவையில் விமானப் பாகங்களுக்கு வரைபடம் போடும் தனியார் நிறுவனங்களில் கேட்டியா கைவசம் இருந்தால் உதவும். அங்கேயும் எங்கே படித்தாய் என்று கேட்பதைவிட, ஒரு பாகத்தைக் கொடுத்து முன்னால் உட்கார்ந்து வரையச் சொல்வார்கள். துளைக்கு எவ்வளவு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம்), ஏன் என்று குடைவார்கள். அந்த மாதிரி நிறுவனம் நேரில் அழைத்து, ‘இது தெரிந்தால் எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால் படிக்கட்டும். அதுவும் அழைப்பு வந்த பிறகு. நோட்டீஸைப் பார்த்து அல்ல.

ராணுவத் தளவாடத் தொழில்களுக்காக அரசு அறிவித்த தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி உண்டு, மதுரை இல்லை. இத்தனை பொறியியல் கல்லூரிகளைத் திறக்க அனுமதித்தவர்களுக்கு, படித்து வருகிறவன் எங்கே போவான் என்ற யோசனை வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை போடுகிறார்கள்.

சரி, பையனுக்கு ஆசை இருக்கிறது என்றால் ஃப்ரீகேட், நாசாவின் ஓபன்விஎஸ்பி என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். வீட்டிலேயே பழகட்டும். 85,000 பேங்கிலேயே இருக்கட்டும். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசி வாக்கில் திறக்கும்.