மாஸ்க் கட்டாயம் போய்விட்டது, பழைய அபராதமும் போய்விடுமா?

கேள்வி: எங்கள் நகரில் மாஸ்க் கட்டாயத்தைப் போன வாரம் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு மாஸ்க் இல்லாமல் போனதற்காக எனக்கு அபராதம் போட்டிருந்தார்கள், இன்னும் கட்டவில்லை. விதியே போன பிறகு அபராதம் மட்டும் எப்படி நிற்கும்? பாதித் தொகை கொடுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வேலை செய்யும் இடத்திலும் இன்னும் மாஸ்க் கேட்கிறார்கள். அது செல்லுமா?

பதில்: முதலில் அந்த ஆளிடம் சல்லிக்காசு கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஒரு விதியை விலக்கிக்கொண்டால், விலக்கிய தேதியிலிருந்துதான் அது இல்லாமல் போகிறது. சாலையில் இருந்த வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை இன்று பிடுங்கிவிட்டார்கள் என்பதற்காக, போன மாதம் வேகமாகப் போனதற்கு வந்த அபராதம் கரைந்துவிடாது, இல்லையா? அதேதான் இங்கேயும். விதி நடப்பில் இருந்தபோது மீறினீர்கள், அப்போதே அபராதம் உங்கள் பெயரில் விழுந்துவிட்டது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களை ஏமாற்ற வருபவர் அதைத்தான் காட்டிப் பேசுவார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரசே முன்வந்து பழைய அபராதங்களைத் தள்ளுபடி செய்யலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் 2021 மார்ச்சில் மாநில ஆளுநர், மாஸ்க் உள்ளிட்ட கொரோனா விதிகளுக்காக உள்ளாட்சிகள் மக்கள் மேல் போட்ட அபராதங்களை ஒரே ஆணையில் ரத்து செய்தார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2022 நவம்பரில் 33,000-க்கும் மேற்பட்ட கொரோனா அபராதங்களை அரசு திரும்பப் பெற்றது. ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. காரணம் என்ன தெரியுமா? என்ன குற்றம் என்பதை அந்த நோட்டீஸ்களில் ஒழுங்காக எழுதவில்லை. அதே நேரத்தில் மீதி 29,000 சொச்சம் அபராதங்கள் அப்போது அப்படியே நின்றன, கொரோனா விதிகள் போன பிறகும் அவற்றைக் கட்டத்தான் வேண்டியிருந்தது. அவற்றிலும் பெரும்பாலானவற்றை 2024-இல்தான் திரும்பப் பெற்றார்கள். இரண்டு இடத்திலும் தள்ளுபடி எழுத்தில், எல்லோருக்கும் தெரியும்படி வந்தது. பாதிப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பெயரை மட்டும் அழிப்பது என்ற வகைத் தள்ளுபடி எங்குமே கிடையாது.

அந்தத் தரகர் செய்யப்போவது இதுதான்: உங்கள் அடையாள அட்டை நகலையும் போன் எண்ணையும் வாங்கிக்கொள்வார், முத்திரை குத்திய ஒரு தாளைத் தருவார், நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், ஆறு மாதம் கழித்துத் தாமதக் கட்டணத்தோடு நோட்டீஸ் வரும், அப்போது அவர் போனை எடுக்க மாட்டார். முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள். 2020-இல் அமெரிக்காவில் நீதித்துறை முத்திரையோடு 'மாஸ்க் விலக்கு அட்டை' என்று ஒன்று பரவி, அது போலி என்று அரசு வழக்கறிஞர்களே அறிக்கை விட வேண்டியிருந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு தேதி, நேரம், இடம், எந்த விதியின் கீழ் என்ற வரி, இந்த நான்கையும் பாருங்கள். அப்புறம் விலக்கல் ஆணையின் நகலை வாங்கி, அது எந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வந்தது என்று பாருங்கள். இங்கேதான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மேயர் செய்தியாளர் கூட்டத்தில் ஒரு நாள் அறிவிப்பார், எழுத்து ஆணை இன்னொரு நாள் வரும், தெருவில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பவருக்கு யாருமே எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், கடைசியில் அலைவது ரசீது வாங்கியவர்தான். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2022 ஏப்ரல் 18 அன்று மாஸ்க் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்து அதே வாரம் 22-ஆம் தேதி எடுத்துவிட்டது. நூறு வருடத்துக்கு முந்தைய ஸ்பானிஷ் காய்ச்சல் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவிலும் இதே கதைதான்: மாஸ்க் கட்டாயத்தை 1918 நவம்பர் 21 அன்று எடுத்தார்கள், 1919 ஜனவரி 17 அன்று மறுபடி போட்டார்கள், பிப்ரவரி 1-இல் மறுபடி எடுத்தார்கள். இப்படிப்பட்ட நாட்களில் ஒரு ரசீதின் செல்லுபடி ஒரு தேதியில் நிற்கும். உங்கள் ரசீதின் தேதி விலக்கலுக்குப் பிந்தியது என்றால், அல்லது விதியின் வரி காலியாக இருந்தால், தயங்காமல் ஆட்சேபிக்கலாம். மூல ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். ஆட்சேபிக்கக் காலக்கெடு இருக்கும், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைக் கோட்டை விட்டுவிட்டுத்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். குறை எதுவும் இல்லையென்றால் கட்டிவிடுங்கள், அலுவலகக் கவுன்டரிலோ அரசின் சொந்த இணையதளத்திலோ மட்டும்.

வேலை இடத்தைப் பற்றி. நகரம் தன் ஆணையை எடுத்தால் நகரத்தின் ஆட்கள் உங்களுக்கு அபராதம் போட முடியாது, அவ்வளவுதான். தன் கட்டடத்துக்குள் மாஸ்க் வேண்டும் என்று முதலாளி சொல்வதை அந்த ஆணை தொடுவதே இல்லை. "சட்டமே போய்விட்டது" என்று வாசலில் சண்டை போட்டால் வேலைதான் போகும். மருத்துவமனைகளிலும் இதே நிலைதான், அங்கே வாதாடவே வேண்டாம், நோயாளிகள் இருக்கும் இடம். உங்கள் நகரத்துக்கு மேலே உள்ள அரசின் ஆணை இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் நகரம் எடுத்ததால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

நிர்வாகத்திடம் ஒன்று கேட்கலாம்: மாஸ்க் விதியை எழுத்தில் கொடுங்கள், எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரியா என்று சொல்லுங்கள், மாஸ்க்கை நிறுவனமே தருமா என்றும் சொல்லுங்கள். வாய்வழி உத்தரவை மீறியதாகச் சம்பளத்தில் பிடித்தால், அந்தச் சம்பளச் சீட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.